நாற்பத்தொரு படிகளுக்கு ஒரு கையெழுத்து

றலியா அந்தக் கொப்பியை மூன்று தரம் வாசித்துவிட்டாள். நாலாவது தரம் வாசித்தால் எழுத்து மாறிவிடுமா என்ன? “கீழே கையொப்பமிடும் நான், திரு. க. நவரட்ணராஜா அவர்களின் காணியிலுள்ள நாற்பத்தொரு படிகளையும் எனது சுயவிருப்பின் பேரிலேயே பயன்படுத்துகிறேன் என்றும், வழுக்கியோ தடுக்கியோ வேறெவ்விதமாகவோ விழுந்து காயமடையுமிடத்து, காணிச் சொந்தக்காரர் எவ்விதத்திலும் பொறுப்பல்லர் என்றும் இத்தால் உறுதியளிக்கிறேன்.” அதற்குக் கீழே அடிமட்டம் வைத்துக் கோடு போட்டிருந்தது: பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம். நாளைக்கு மகளின் கலியாணத்துக்கு வருகிற அறுபது பேரும் இதில் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டுமாம்.

வேறு வழி இருந்தால் அவள் அந்த வீட்டு வாசலை மிதித்திருக்க மாட்டாள். தெல்தெனிய ரோட்டிலிருந்து அவள் வீட்டுக்கு இறங்குகிற பிரதேச சபைப் பாதையை நவம்பர் மழை வாரிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து வீட்டு ஆட்கள் ஆளுயர மானாப் புல்லுக்குள்ளால் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு ஏறினார்கள். மாப்பிள்ளை வீட்டாரை அப்படிக் கூட்டிவர முடியுமா? மிச்சமிருப்பது மேல்வீட்டுக்காரர் நவரட்ணராஜாவின் படிக்கட்டு ஒன்றுதான். அதன் படலையோ மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடந்தது.

பூட்ட வைத்தது றலியாவின் வாய்தான். ஒரு நோன்பில், மேல்வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோன அவளுடைய மூத்த சகோதரி, ராத்தா அபீபா, திரும்பி இறங்கும்போது பாசியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ராத்தா அழுததைக் கேட்டதும் றலியாவுக்குக் கண்மண் தெரியவில்லை. பாசியைச் சுரண்டாமல் படி வைத்திருக்கிறவர்களுக்குக் கேஸ் போட்டால்தான் தெரியும் என்று ஊர் கேட்கக் கத்திவிட்டாள். யாரிடம் போய்க் கத்தினாள்? முப்பத்துநாலு வருஷம் இன்சூரன்ஸ் கம்பனியில் உட்கார்ந்து நட்டஈட்டு மனுக்களைப் புரட்டிய மனுசனிடம்! அடுத்த நாளே படலைக்குப் பூட்டு விழுந்தது. இங்கேயிருந்து கஞ்சி போகவில்லை, அங்கேயிருந்து பொங்கல் வரவில்லை. அவருடைய மனைவி கமலாசனி மட்டும் ரோட்டில் கண்டால் சிரிப்பதா வேண்டாமா என்று தடுமாறிக்கொண்டு போவாள்.

தம்பி ரஸீனுக்கு எல்லாம் பகிடி. கொப்பியை வாங்கி, நவரட்ணராஜா சேர் இன்னும் நாலு வரி சேர்த்திருக்கலாம் என்றான். மாப்பிள்ளை ஓடிப்போனால் பொறுப்பில்லை, பிரியாணியில் உப்புக் கூடினால் பொறுப்பில்லை, மாமியாரும் மருமகளும் சண்டை பிடித்தால் அதற்கும் பொறுப்பில்லை. கல்யாணப் பெண் நஸ்லியா மருதாணிக் கையோடு விழுந்து விழுந்து சிரித்தாள். றலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மாப்பிள்ளை ஷிஹாபின் பெரியவாப்பா லேசுப்பட்ட ஆளில்லை. போன வருஷம் ஒரு கலியாணத்தில் வட்டிலப்பம் பிந்தியதென்று எழும்பிப் போனவராம். பெண் வீட்டு வாசலில் அடையாள அட்டை கேட்டார்கள் என்ற கதை நஸ்லியாவுக்கு முன்னால் மாப்பிள்ளையின் ஊரான அக்குறணைக்குப் போய்ச் சேர்ந்தால், வாப்பா இல்லாத பிள்ளை அந்த வீட்டில் எந்த முகத்தோடு காலெடுத்து வைப்பாள்? அந்த யோசனையிலேயே இரவு கழிந்தது.

விடிகாலைச் சுபஹுத் தொழுதுவிட்டு வெளியே வந்தவளுக்கு மேலேயிருந்து கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். நடுப் படியில் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு, கம்பித் தூரிகையால் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார் நவரட்ணராஜா. பக்கத்தில் வாளியில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். மேற்பாதி முழுவதும் புதுச் சீமெந்து போல வெளுத்திருந்தது. எழுபத்திரண்டு வயது மனுசன் எத்தனை மணிக்குத் தொடங்கினாரோ!

றலியா ஏறிப் போய் நாலு படி கீழே நின்றாள். அவர்தான் தலை நிமிராமல் பேச்சைத் தொடங்கினார்.

“கேஸ் எண்டு நீங்கள் சொன்னதுக்காகப் பூட்டேல்லைத் தங்கச்சி. அக்கா விழேக்க நான் பின்னால நிண்டனான். கையை நீட்டியிருந்தால் பிடிச்சிருக்கலாம். எனக்குக் கை எழும்பேல்லை. அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள்ள கிடக்கு.”

மூன்று வருஷமாக தன் வாய்ச்சொல்லைக் கல்லாய்ச் சுமந்துகொண்டு திரிந்தவள்தான் றலியாவும். “அண்டைக்கு நான் செல்லின வார்த்த கூடிப் போச்சு சேர். மனசுல வெச்சுக்கொள்ள வாணாம்,” என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, அந்தக் கொப்பி இனியும் வேண்டுமா என்று கேட்டாள்.

“கொப்பி வேணும்,” என்றார் அவர் உடனேயே. “பேனையைப் பிடிக்கிற நேரம் ஆக்கள் ஒருக்கால் நிண்டு படியைப் பாப்பினம். பாத்தால் கவனமா இறங்குவினம். அவ்வளவுதான்.”

பாவி மனுசன், இதை முதலே சொல்லியிருக்கக் கூடாதா? றலியா வீட்டுக்குப் போய் இன்னொரு தூரிகையை எடுத்துவந்து கீழ்ப் படியிலிருந்து சுரண்டத் தொடங்கினாள். மேலிருந்து முப்பதாம் படியில் இருவரும் சந்தித்தபோது வெயில் வந்துவிட்டது.

பள்ளியில் நிக்காஹ் முடிந்து, பதினொரு மணிக்கு வேன்கள் ரோட்டில் வந்து நின்றன. றலியா முற்றத்தில் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். படலையடியில் ஒரு சின்ன மேசை. கதிரையில் நவரட்ணராஜா. முன்னால் பெரியவாப்பா. அவர் கொப்பியை ஏதோ பெண் வீட்டு வழக்கம் என்று நினைத்திருக்க வேண்டும். பள்ளியில் வைத்ததுபோலவே முழுப்பெயரும் எழுதி, சாட்சி என்றும் போட்டுக் கையெழுத்து வைத்தார். பிறகுதான் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணாடியை மாட்டினார். வரிசை அப்படியே நின்றது. அல்லாவே, இவர் திரும்பிப் போனால்?

பெரியவாப்பா நிதானமாக வாசித்து முடித்தார். நாற்பத்தொரு படியையும் மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

“ஷிஹாப், நீயும் வை. விழுந்தா எங்கட பொறுப்பாம். இத நிக்காஹுக்கு முந்தியே வாசிச்சீக்கணும் வாப்பா.”

அறுபது பேரும் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த குரங்குகள் பாய்ந்து ஓடின. றலியா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தாள், கண்ணீர் வேறு வழிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் கையெழுத்து வைத்து, படியைப் பார்த்துப் பார்த்து இறங்கினார்கள். வயதானவர்களை நவரட்ணராஜாவே கையைப் பிடித்துக் கூட்டிவந்து அந்த முப்பதாம் படியில் ரஸீனிடம் ஒப்படைத்தார். எத்தனை தரம் ஏறி இறங்கினார் என்பதை அவருடைய முழங்காலிடம்தான் கேட்க வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு சிக்கல். பெரிய தட்டான சஹனைச் சுற்றி ஆறு பேர் கூடினால்தான் மூடி திறப்பது. கடைசிச் சஹனில் பெரியவாப்பாவோடு சேர்த்து ஐந்து பேர். ஓராள் குறைகிறது என்று அவர் சத்தம் போட்டார். றலியா யாரையும் அனுப்பவில்லை, தானே படியேறிப் போனாள். நவரட்ணராஜா கொப்பியை மூடிக்கொண்டிருந்தார்.

“கோழிதான் சேர். மாடு அடுப்புக்கே வரல்ல. உங்கள நெனச்சுத்தான் அப்படிச் செய்யச் செல்லினேன். வாங்க.”

அவர் உள்ளே கமலாசனியைப் பார்த்தார். கமலாசனி ஏற்கெனவே சேலை மாற்றிக்கொண்டு நின்றாள்.

பாயருகில் வந்து நின்ற பிறகுதான் தரையில் உட்கார முழங்கால் மடங்காது என்பது அவருக்கு நினைவு வந்தது. கதிரை கொண்டுவரச் சொல்லலாமா, சொன்னால் தட்டு எட்டாதே என்று தடுமாறினார். பெரியவாப்பா இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டினார்.

“புடிங்க சேர். நான் விட மாட்டேன்.”

நவரட்ணராஜா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இறுகப் பற்றி, ஒரு பக்கமாகச் சரிந்து, மெல்ல மெல்லப் பாயில் அமர்ந்தார். ரஸீன் மூடியைத் தூக்கினான். ஆவி எழுந்து நவரட்ணராஜாவின் மூக்குக்கண்ணாடி வெள்ளையாய் மூடிப்போயிற்று. அதைத் துடைக்க அவர் பெரியவாப்பாவின் பிடியிலிருந்து கையை இழுக்கவில்லை.