உயிரோடிருந்தவர்க்குப் பாடிய கையறுநிலை

கபாலீச்சரத்துக் கோபுரத்தின் சாயல் குளத்துநீரில் நடுங்க, மாடவீதிப் பூக்கடைகளில் விளக்குகள் ஒவ்வொன்றாய் ஒளிர, மந்தைவெளிப் பக்கம் பறக்கும் தொடர்வண்டிக்கென எழுந்த தூண்கள் தாங்குவதற்கு ஒன்றுமின்றிப் பனியில் நின்றிருந்த ஒரு மார்கழி மாலையில், மயிலைத் தமிழவை ஒன்றில் புலவர் பஞ்சாட்சரனார் தம் ஆருயிர் நண்பர் ஷரஃபுதீனுக்குக் கையறுநிலை என்னும் இரங்கற்பாப் பாடினார். அவையோர் கண்ணீர் உகுத்தனர். அறிவுடையீர், ஷரஃபுதீன் அன்று இறந்திருக்கவில்லை.

உரைகள் பல வரைந்தும் ஏடுகள் பல பதிப்பித்தும் ஓய்ந்தவராயினும், பஞ்சாட்சரனாரை ஊர் அறிந்தது இரங்கற்பாவால்தான். யார் மறைந்தாலும் பாடை எழுமுன் அவர் பாட்டு எழுந்துவிடும். அதில் அவருக்குப் பெருமிதம், உள்ளதைச் சொன்னால் செருக்கு. கால் நலிந்து வீட்டோடிருந்த ஷரஃபுதீனை அந்திதோறும் சென்று கண்டுவந்தவர் அவரே. நண்பர் காய்ச்சலுற்று மருத்துவமனையில் கிடக்கையில், அதே பெயருடைய வேறொருவரின் இறப்புச் செய்தி தொலைபேசியில் வர, அதை நண்பருடையதென்றே அவர் கொள்ள, மருத்துவமனைக்கு ஓடவேண்டிய கால்கள் எழுதுபலகைக்கு ஓடின.

மறுநாள் நண்பரின் மனைவி சகினா வாயிலில் வந்து நின்றார். "இன்னாண்ணே இது? உசுரோட கீற மனுசனுக்கு எழவுப் பாட்டா?"

உயிருள்ளோர்மேல் பாடிய இரங்கற்பா ஓர் உயிரைக் கொள்ளாமல் அடங்காது என்று இளமையில் கேட்டிருந்த அச்சம் புலவரைப் பற்றிக்கொண்டது. எழுதுகோலைத் தொடுவதை விட்டார். நண்பர் வீடு திரும்பிய பின்னும் உள்ளே செல்லத் துணிவின்றி, அந்திதோறும் வாயிலருகே மறைந்து நின்று, அவர் இருமல் கேட்டபின்னரே திரும்புவார். அது கேட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

ஒருநாள் ஷரஃபுதீன் அவரைக் கண்டுவிட்டார். "உள்ளே வாருங்கள், புலவரே. அந்தப் பாட்டை எனக்கும் பாடிக் காட்டுங்கள்."

"வேண்டாம் ஐயா! அது உங்களைக் கொன்றுவிடும். அந்தியில் உங்கள் இருமல் கேட்டாலே எனக்குப் போதும்."

"எனக்காக அழுததை நான் கேட்கலாகாதா?"

பஞ்சாட்சரனார் பாடினார். 'அந்திதொறும் என்வாயில் வந்தநடை ஓய்ந்ததே' என்ற அடி வந்ததும் ஷரஃபுதீன் கையுயர்த்தி நகைத்தார்.

"நான் எப்போது உங்கள் வாயிலுக்கு வந்தேன்? வந்ததெல்லாம் நீங்கள் அல்லவா?"

சொன்னவர் நகைத்துக்கொண்டிருந்தார், கேட்டவர் முகம் வெளிறியது. விரைந்து எழுதிய அப்பாட்டில் இருந்தது யார் என்பதை அவர் அப்போதுதான் கண்டார்.

தை பிறக்குமுன் பஞ்சாட்சரனார் மறைந்தார். தோள் ஒன்றைப் பற்றி நடந்துவந்த ஷரஃபுதீன் அவர் உடலருகே அதே பாட்டைப் பாடினார். பெயரை மட்டுமே மாற்ற வேண்டியிருந்தது.

அதன்பின் அந்தி சாயும்போதெல்லாம், இருமல் முற்றும் நீங்கிவிட்ட ஷரஃபுதீன் சாளரத்தருகே வந்து, வாயிற்பக்கம் கேட்கும்படி ஒருமுறை இருமுவார்.