இடது கட்டைவிரல்

"எந்தக் கையில எழுதுவீங்க?" ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் கேட்டார். "வலது கைதாங்க" என்றேன். அவ்வளவுதான். இடது முன்கையிலிருந்து ரத்தக்குழாயை உருவி இதயத்தில் ஒட்டுப்போட்டுவிட்டார்கள். முடிதிருத்துகிறவனுக்கு இடது கை எதற்கு என்று அவரும் கேட்கவில்லை. வாயிருந்தும் நான் சொல்லித் தொலைக்கவில்லை.

கத்தி பிடிப்பது மட்டும்தான் வலது கை. தோலை இழுத்துப் பிடித்து, பரு எங்கே, மடிப்பு எங்கே என்று பார்த்துச் சொல்வது இடது கட்டைவிரல். ஆபரேஷன் முடிந்து நாலு மாதமாக அது மரத்துக் கிடக்கிறது. இருமினால் நெஞ்செலும்பு இன்னும் விண்ணென்று தெறிக்கிறது. "இதயம் குதிரை மாதிரி இருக்கு" என்கிறார் டாக்டர். குதிரையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு இருங்களேன்" என்றாள் மனைவி. தலைப்பாகையா அது? என் சோறு.

கடையில் இரண்டே நாற்காலி. ஒன்று என்னுடையது, மற்றது மச்சானுடையது. மனைவியின் தம்பி; வாய்க்கொழுப்புப் பிடித்தவன். என் நாற்காலிக்கு வேறு ஆள் பார்க்கலாமா என்று அக்காவும் தம்பியும் பேசியது காதில் விழுந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் காலை கடைக்கே போனேன்.

"எவன் மூஞ்சியாவது குடுடா. மழிச்சுக் காட்டறேன்!"

"எவன் மூஞ்சி எதுக்கு மாமா? என்னுது இருக்கே." என் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "மூக்கை மட்டும் விட்டுடுங்க. இன்னும் கல்யாணம் ஆகல."

நுரை தடவினேன். வலது கன்னத்தில் கத்தி வழுக்கிக்கொண்டு போனது. பழைய திமிர் எட்டிப் பார்த்தது. தாடைக்கு வந்தேன். வெள்ளை நுரையில் சிவப்பு.

"ஐயோ, வெட்டிட்டேன்டா!"

அவன் பதறி எழுந்து நுரையைத் துடைத்தான். கண்ணாடியில் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கீறல்கூட இல்லை.

"மாமா... உங்க விரலு."

கட்டைவிரலின் மேல்தோல் வாய் பிளந்து கிடந்தது. ரத்தம் மணிக்கட்டில் இறங்கி, குழாயை உருவிய அந்த நீளத் தழும்பின் மேலேயே ஓடியது. உறையாமலிருக்க மாத்திரை விழுங்குகிறவன் ரத்தம், லேசில் நிற்குமா? வலிக்கவே இல்லை. சொல்லிவிடுகிறேன், ஆபரேஷன் மேசையில்கூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை.

துண்டைக் கிழித்து இறுக்கிக் கட்டினான். ஏதாவது கிண்டல் செய்வான் என்று காத்திருந்தேன். செய்யவில்லை.

"நாளைக்கே ஆள் வரச் சொல்லு" என்றேன்.

"சரி மாமா."

கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று ஒப்புக்குக்கூடச் சொல்லவில்லை. நான் சுவரோரம், காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவன் கண்ணாடியை நெருங்கி நின்று, மிச்சமிருந்த பாதி முகத்தைத் தானே மழித்துக்கொண்டான்.