நெட் இருந்தால் உள்ளேதான்

மருமகன் முர்ஷித் நோன்பைக் களவாகத் திறக்கிறான் என்ற சந்தேகம் காலிதீனுக்கு நோன்பின் இரண்டாம் பத்து நாளில்தான் வந்தது.

சந்தேகப்படுவது அவருக்குப் புதிய பழக்கமல்ல. பள்ளிவாசல் மோதினார் பாங்கு சொன்ன பிறகும் தன் கைக்கடிகாரத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் பேரீச்சம்பழத்தை வாயில் வைப்பார். சாய்ந்தமருதில் அவருக்கு ஒரு பைப் கடை. வந்தவர் முக்கால் அங்குலக் குழாய் கேட்டால், வீட்டில் கிடப்பது அரை அங்குலமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார். அநேகமாக அது சரியாகவும் போய்விடும். ஆளைக் கெடுத்தது அதுதான்.

முர்ஷித் ரோமேனியாவில் லொறி ஓட்டுகிறான். தலைநகர் புக்கரெஸ்டில் அறை. அங்கே சூரியன் விழுந்து மஃரிப் ஆகும்போது இங்கே இரவுத் தராவீஹ் தொழுகை முடிந்துவிடும். அந்த நேரம் பார்த்து மகள் றுக்ஸானா வீடியோ கோல் எடுப்பாள். வயிற்றில் பிள்ளையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கணவன் நோன்பு திறப்பதைப் பார்ப்பாள். பக்கத்தில் காலிதீன் தன் போனில் புக்கரெஸ்ட் தொழுகை நேரத்தை வைத்துக்கொண்டு இருப்பார். மருமகனோடு சேர்ந்திருக்க ஆசை என்று சொல்லிக்கொள்வார். உண்மையில் அது பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வை செய்கிற வேலை.

அன்றைக்கு புக்கரெஸ்டில் மஃரிபுக்கு இன்னும் இருபது நிமிடம் கிடந்தது. லொறிக்குள் இருந்த முர்ஷித் பிஸ்மில்லாஹ் சொல்லி, பழத்தை வாயில் போட்டு, தண்ணீரும் குடித்துவிட்டான்.

மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்த பிறகு காலிதீனும் மனைவி ஸகியாவும் பின்பக்க அறையில்தான் இருக்கிறார்கள். அங்கே வந்து கதவைச் சாத்தினார்.

“இஞ்ச, உங்கட மருமகன் நோன்பத் தின்டுட்டான்.”

“மெதுவாக் கதைங்க. புள்ளைக்குக் கேக்கும்.”

“இருவது நிமிஷம் ஸகியா!”

“உங்கட போன்தான் பொய் சொல்லும். கடைல விக்காம கெடக்கிற சாமான் மாதிரித்தானே அதுவும்.”

மறுநாள் முர்ஷித் சரியான நேரத்துக்குத் திறந்தான். பிறகு ஒருநாள் மறுபடியும் முந்தினான். காலிதீனுக்குத் தூக்கம் போயிற்று. போன் பிழை என்றால் தினமும் பிழையாகக் காட்ட வேண்டும். பசி என்றாலும் தினமும் பசிக்க வேண்டும். இதென்ன விட்டு விட்டு வருகிற பசி?

விடை ரேடியோவில் வந்தது. ரேடியோவில் கொழும்புப் பாங்கு கேட்பதற்குள் சாய்ந்தமருதுப் பக்கத்தில் நோன்பு திறந்து, கோப்பைக் கஞ்சி பாதி இறங்கியிருக்கும். கிழக்கில் சூரியன் முந்தி விழுகிறது, அவ்வளவுதான். அதை யாரும் களவு என்று சொன்னதில்லை. கஞ்சிக் கோப்பை கையில் இருக்க, காலிதீன் அப்படியே நின்றுவிட்டார்.

பொடியன் கள்ளன் இல்லை. புக்கரெஸ்டுக்குக் கிழக்கே நிற்கிறான்.

சற்று நேரம் மருமகன் மேல் பெரிய அன்பு வந்தது. பொய்யை மறைக்கக்கூட நோன்பைப் பிந்தித் திறக்கத் தெரியாத பிள்ளை! பிறகு போனை எடுத்து, கிழக்கே உள்ள ஊர்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒடேசா என்ற ஊரின் நேரம் பொருந்தியது. அது எந்த நாடு என்று பார்த்தார். உக்ரேன்.

மீதிக் கஞ்சியோடு கோப்பையைக் கீழே வைத்தார்.

கலியாணம் முடித்துப் போன புதிதில் முர்ஷித் ஒருதரம் சரக்கோடு மொல்டோவாவுக்குப் போனான். எல்லையைத் தாண்டியதும் போன் செத்துவிட்டது. அவன் திரும்பி வரும்வரை றுக்ஸானா ஒரு வாய் சோறு தின்னவில்லை. வந்த பிறகுதான் விளக்கம் சொன்னான்: ஐரோப்பிய யூனியனுக்குள் எந்த நாட்டுக்குப் போனாலும் அதே சிம், அதே கட்டணம். வெளியே கால் வைத்தால் இந்த சிம்முக்கு நெட் இல்லை. இனி வெளியே போகமாட்டேன், சண்டை நடக்கிற பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று அல்லாஹ்வை முன்னிட்டுச் சொன்னான். அன்றிலிருந்து றுக்ஸானாவுக்கு ஒரே அளவுகோல்தான். நெட் இருந்தால் ஆள் உள்ளேதான்.

காலிதீன் மெதுவாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். “மகள், முர்ஷித் இப்ப எங்க நிக்காராம்?”

“புக்கரெஸ்ட்டுலதான் வாப்பா. ஏன்?”

“சும்மா கேட்டன்.”

“சும்மா கேக்கிற ஆளா நீங்க? நெட் இரிக்கித்தானே. வெளிய போனா நிண்டுரும். அது அவங்கட சட்டம்.”

அவங்கட சட்டம். காலிதீனுக்கு ஐரோப்பியச் சட்டத்தின் மேல் ஒரு மரியாதை இருந்தது. எல்லாப் போனுக்கும் ஒரே மாதிரி சார்ஜர் என்று கட்டளை போட்ட அரசாங்கம் அது. இந்தக் குழாய்களுக்கும் மூடிகளுக்கும் யாராவது அப்படி ஒரு கட்டளை போட்டால் என் ஆயுள் கூடும் என்று கடையில் அடிக்கடி சொல்வார். ஆனாலும் சந்தேகம் விடவில்லை. மறுநாள் காலை கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அந்தச் சட்டத்தைப் போனில் தேடினார்.

கிடைத்தது. இந்த ஜனவரி முதலாம் திகதியிலிருந்து உக்ரேனும் மொல்டோவாவும் அந்த ஒரே கட்டண வட்டத்துக்குள் சேர்க்கப்பட்டுவிட்டன. அகதியாகப் போனவர்கள் தாய் தகப்பனோடு செலவில்லாமல் கதைக்கலாம் என்று போட்டிருந்தது. நல்ல காரியம்தான், குறை சொல்ல ஏலாது. ஆனால் புருஸ்ஸல்ஸில் கையெழுத்து வைத்தவர்களுக்கு, சாய்ந்தமருதில் ஒரு வீட்டின் வாசல் கதவையும் சேர்த்துக் கழற்றிவிட்டீர்கள் என்று யார் சொல்வது? காலிதீன் கவிழ்த்து வைத்திருந்த வாளியொன்றில் உட்கார்ந்தார். விற்கிற வாளி. அது நசுங்கியது.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு நேரே வீட்டுக்கு வந்து, வளவின் மூலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று மருமகனுக்கு கோல் எடுத்தார்.

“அஸ்ஸலாமு அலைக்கும் மாமா. என்ன இந்த நேரம்? எல்லாரும் சுகமா?”

“வஅலைக்குமுஸ்ஸலாம். ஒடேசால வெயிலா மழையா மகன்?”

அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம் நின்றது.

“மாமா... ஆரு சொன்ன?”

“நீதான் சொன்ன. நோன்பு தொறந்து தொறந்து சொன்ன.”

முர்ஷித் மறுக்கவில்லை. கம்பனி பாதையை மாற்றிவிட்டதாம். ஏலாது என்று சொன்ன இரண்டு பேரை ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். “பால்மாவும் மருந்தும்தான் ஏத்துறன் மாமா, வேற ஒண்டுமில்ல. றுக்ஸானாக்கு மட்டும் சொல்லிராதீங்க. வயித்துல புள்ளையோட இரிக்காள்.”

சொல்லாமல் விடலாம் என்றுதான் காலிதீனுக்கும் பட்டது. பிள்ளை பிறக்கட்டும், பிறகு பார்க்கலாம். கண்டுபிடிக்கும்வரை இருந்த துணிச்சல், கண்டுபிடித்த பிறகு இருக்கவில்லை. என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டு கிறுகித் திரும்பினார். பின்னால் துணிக் கூடையோடு றுக்ஸானா நின்றாள்.

“தாங்க வாப்பா.”

போனை வாங்கினாள். அழவில்லை. காலிதீனுக்கு அதுதான் கூடப் பயமாக இருந்தது.

“இப்ப எங்க நிக்கிறீங்க?”

“ஆத்தங்கரைல. லொறி ஏத்துற பெரிக் கப்பலுக்கு வரிசைல நிக்கன். அங்கால கர ரோமேனியா.”

“வீடியோவப் போடுங்க. கட் பண்ணாதீங்க.”

கூடையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே, தொட்டிக் கட்டில் உட்கார்ந்தாள். ஸகியா சத்தம் கேட்டு ஓடிவந்து, விஷயம் விளங்கியதும் தலையில் கை வைத்தாள். “எங்கட சண்டை காணாதா மகன்? ஊரான்ட சண்டைக்குள்ளயும் போகணுமா?”

“சண்ட அங்க இல்ல மாமி, தூரத்துல...”

“தூரத்துல எண்டுதான் நாங்களும் சொல்லிக்கிட்டு இருந்த.”

திரையில் லொறிகளின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. காலிதீன் தொண்டையைச் செருமினார். “வெளியூர்ல பாவிக்கிற டேட்டாக்கு ஒரு அளவு இரிக்கும் எண்டும் அந்தச் சட்டத்துல போட்டிரிந்திச்சு...” மகள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டார்.

“இதுதான் கடைசி,” என்றாள் றுக்ஸானா. “கம்பனிட்ட ஏலாது எண்டு சொல்லுங்க. அனுப்பினா வாங்க. வீடு இரிக்கி. வாப்பாட கடை இரிக்கி.”

தன் கடை இரண்டு குடும்பத்துக்குப் போதும் என்பதை காலிதீன் அன்றுதான் கேள்விப்பட்டார். முர்ஷித் அங்கே நின்று, முக்கால் கேட்பவனுக்கு அரையைத் தூக்கிக் கொடுப்பது கண்முன் வந்தது. “ஓம் மகன்,” என்றார். “கடைக்கு ஒரு ஆள் தேடிக்கிட்டுத்தான் இருந்தன்.”

“சரி மாமா,” என்றான் முர்ஷித். அந்தச் ‘சரி’ கொஞ்சம் கெதியாக, யோசிக்காமல் வந்ததாக காலிதீனுக்குப் பட்டது.

பெரி வந்தது. லொறி ஏறியது. படம் ஆடியது, தண்ணீர் தெரிந்தது, ஒரு கம்பி தெரிந்தது. ஆற்றின் எந்த இடத்தில் ஒரு நாடு முடிந்து மற்றது தொடங்கியது என்று போன் சொல்லவில்லை. விக்கவில்லை, திணறவில்லை, ஒரு சின்னச் சத்தம்கூடப் போடவில்லை.

“வந்துட்டன்,” என்றான்.

“எப்ப?”

“இப்பதான். இறங்கிட்டன்.”

அதே சேறு, அதே லொறிகள். இவன் பழைய கரையில்தான் நிற்கிறானோ? காலிதீன் வாயைத் திறப்பதற்குள் றுக்ஸானா கேட்டுவிட்டாள்.

“காட்டுங்க. போர்டையோ கொடியையோ, ரோமேனியா எண்டு எழுதின எதையாவது காட்டுங்க.”

படம் சுழன்றது. சீருடை போட்ட ஒருவன் கையை ஆட்டிக்கொண்டு லொறியை நோக்கி ஓடிவந்தான். உரத்த குரலில் ஏதோ ஏசினான். ஒரு உள்ளங்கை கெமராவை மூடியது. கோல் அறுந்தது.

ஸகியா “அல்லாஹ்வே” என்றாள்.

றுக்ஸானா இருண்ட திரையைப் பிடித்தபடியே இருந்தாள். பிறகு தகப்பனின் முகத்தைப் பார்த்தாள்.

“வாப்பா, அந்தாள் ஏசின பாஷ ரோமேனியாப் பாஷதானே?”

காலிதீனுக்கு ரோமேனிய மொழியில் ஒரு சொல் தெரியாது. உக்ரேன் மொழியிலும் தெரியாது. மோதினாரின் பாங்கையே முழுதாக நம்பாத மனிதர் மகளின் தலையில் கை வைத்தார்.

“ஓம் மகள். ரோமேனியாப் பாஷதான். அதுல ஒரு சந்தேகமும் இல்ல.”

ஸகியா திரும்பிக் கணவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, “ஓம் மகள், எனக்கும் அப்பிடித்தான் கேட்டிச்சு,” என்றாள்.