ரொட்டி முதல் தரம், கோதுமை இரண்டாம் தரம்

1

இந்தக் கதையை எழுத ஒரே காரணம்தான். என் சல்லடையை இரவல் வாங்கிப்போன குடும்பம் இன்னும் திருப்பித் தரவில்லை. கேட்கக் கூச்சமாக இருக்கிறது, எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நைல் டெல்டாவில் பொன்னிறக் கோதுமை அலையலையாக..." (அடித்துவிட்டேன். அப்போது அறுப்பு முடிந்து நிலத்தில் வெறும் தாளடிதான் இருந்தது.)

அடுத்து: "அரசின் உணவுப் பாதுகாப்புத் திட்டம் விவசாயியின் வாழ்வை எவ்வாறு..." (வாத்தியார் எழுதினால் இப்படித்தான் வரும். நான் வாத்தியார்.)

2

நடந்ததையே சொல்கிறேன். ஷெஹாத்தாவுக்கும் அவர் மனைவி அத்தியாத்துக்கும் ஏறக்குறைய ஓர் ஏக்கர் நிலம். மார்ச்சில் கதிர் பால் பிடித்திருந்தபோது எருமைப்பண்ணைக்காரன் ஒருவன் வந்து, பச்சையாகவே தீவனத்துக்கு அறுத்துக்கொள்கிறேன் என்றான். கையில் உடனே காசு. ஷெஹாத்தா தலையாட்டப் போனார். அத்தியாத் போய் வரப்பில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஊரே திங்கிற ரேஷன் ரொட்டிக்குப் போற கோதுமை இது. எருமைக்கா போடப் போறீங்க?"

"எருமைக்காரன் குடுக்கிற விலைய கவர்மெண்ட் குடுக்கலையே, வஹீபா அம்மா." (மகள் பேரைச் சொல்லித்தான் மனைவியைக் கூப்பிடுவார்.)

"முதல் தரம்னா குடுக்கும்."

"சரி, பந்தயம். முதல் தரம் கெடைக்கலன்னா அடுத்த வருஷம் பூரா தீவனப்புல்தான். நீ வாயத் தொறக்கக் கூடாது."

(இடையில் ஒன்று: கோதுமை விளைவிக்கிற ஷெஹாத்தாவும் ரேஷன் அட்டையோடு ரொட்டி வரிசையில் நிற்பவர்தான். அரசுக்கு விற்பவரும் அவரே, அரசிடம் வாங்குபவரும் அவரே. இதைப் பற்றிக் கட்டுரையாக இரண்டு பக்கம் எழுதினேன். என் மனைவி படித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.)

3

மே மாதம், கொள்முதல் முற்றம். இருபது டிராக்டர் வண்டிகள் நின்றன. அவர்களுக்கு அடுத்த வண்டி என்னுடையது. தரம் பார்க்கிற அதிகாரி வக்தி ஒரு கைப்பிடி அள்ளி ஊதினான்.

"ரெண்டாம் தரம். கல்லு இருக்கு, உமி இருக்கு."

அத்தியாத் சாப்பாட்டு மூட்டையை அவிழ்த்து ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் எடுத்தாள். "இதே கோதுமையில நேத்து சுட்டது. தின்னு பாரு, தம்பி."

அவன் தின்றான். இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றான்.

இந்த இடத்தில், "வக்தியின் மனம் இளகியது, அவன் சீட்டில் முதல் தரம் என்று..." என எழுதியிருந்தேன். அப்படி நடக்கவில்லை. அவன் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னது இதுதான்:

"ரொட்டி முதல் தரம், அத்தை. கோதுமை ரெண்டாம் தரம். வேணும்னா சலிச்சுக் கொண்டாங்க. அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்."

4

இங்கே எனக்கு ஷெஹாத்தாமேல் சந்தேகம். இரண்டாம் தரமானால் பந்தயத்தில் ஜெயிப்பது அவர்தானே? வண்டிக்குப் பின்னால் அவரைக் கமுக்கமாகச் சிரிக்கவைத்தேன். அந்த வரியை இப்போது எடுத்துவிடுகிறேன். ஏனென்றால் அவர் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"வாத்தியாரே, உங்க சல்லடையக் குடுங்க."

"தோத்தாத்தானே உங்களுக்கு லாபம்?"

"அது எனக்கும் அவளுக்கும் உள்ள கதை. என் கோதுமைய இவன் ரெண்டாம் தரம்னு சொல்லிட்டுப் போவானா?"

அவர் வண்டி நகராமல் பின்னால் யாரும் நகர முடியாது. ஆகவே எல்லாரும் இறங்கினார்கள். தார்ப்பாய் விரித்தாயிற்று. எங்கிருந்தோ ஏழு சல்லடைகள் வந்தன. முன்பின் தெரியாதவர்கள்கூடச் சலித்தார்கள்.

"இவ்வளவு கல்லா? வீடு கட்டலாம் போலிருக்கே, ஷெஹாத்தா."

"கட்டுறேன். நீ குடிவந்து வாடகை குடு."

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வக்தி மறுபடி அள்ளி ஊதினான். "முதல் தரம்." அத்தியாத் குலவையிட்டாள். ரொட்டி மிச்சமிருக்கிறதா என்று அவன் கேட்டான்.

5

அவர்கள் சிரித்துக்கொண்டே வீடு போனதோடு முடித்திருக்கலாம். ஆனால் நவம்பர் வந்துவிட்டது. நிலம் விதைக்கப் பதமாக ஈரத்தோடு இருக்கிறது. அத்தியாத் கையில் கோதுமை விதை, ஷெஹாத்தா கையில் புல் விதை.

"பந்தயத்துல ஜெயிச்சது நீதான், இல்லங்கல. ஆனா போன தடவ விதைக்கும் முன்னாடியே கவர்மெண்ட்ல விலை சொன்னாங்க. இந்த வருஷம் மூச்சே இல்லையே."

"சொல்லுவாங்க."

"ஈரம் காத்திருக்குமா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் வெறும் அரை ஏக்கர் வாத்தியார், எனக்கென்ன தெரியும்? இதைப் படிக்கிற நீங்கள்தான் தினமும் ரொட்டி தின்கிறவர். இறங்கி வரப்புக்கு வாருங்கள். எதை விதைப்பதென்று அவர்களிடம் நீங்களே சொல்லுங்கள்.