வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு நிமிடம்

1

மாத இதழ்க்காரர் ஒருவர் போன் செய்தார். "அடிக்கடி ஓட்டாத கார்ல பேட்டரி இறங்காம பாத்துக்கறது எப்படின்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க சார். எளிமையா இருக்கட்டும்." இருபது வருடம் கதை எழுதியவனுக்கு வந்து சேர்ந்த மரியாதை. சரி என்று உட்கார்ந்தேன். மூன்றாவது வரியிலேயே கட்டுரை கெட்டுக் கதையாகிவிட்டது. பேட்டரி செத்த கார் ஒன்று என் வீட்டு வாசலிலேயே நின்ற கதை இருக்கும்போது வேறு எதை எழுதுவது?

என்னையே திட்டிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. ஆகவே காரின் சொந்தக்காரனுக்கு இளங்கோ என்று பெயர் வைக்கிறேன். இனி தாராளமாகத் திட்டலாம்.

2

முதல் தொடக்கம்: "மிளகு மணக்கும் கொல்லிமலைக் காலைப் பொழுதில்..." [த்தூ. கொடியில் இருக்கிற மிளகு அப்படியெல்லாம் மணக்காது. அடித்துவிட்டேன்.]

இரண்டாவது: "இளங்கோ இயற்கையை நேசிப்பவன், அதனால் காரை அதிகம்..." [பச்சைப் பொய். கொல்லிமலை ரோட்டின் எழுபது கொண்டை ஊசி வளைவுக்குப் பயந்தவன். புதுக்காரை டிரைவர் வைத்து மலையேற்றி, அரியூர் நாடு என்கிற மலையூரில் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, நாமக்கல்லுக்குப் பஸ்ஸில் போய்வருகிற வீரன்.]

மூன்றாவது, கொஞ்சம் தேவலாம்: வெள்ளிக்கிழமை காலையானால் இளங்கோ காரைக் கழுவி, பொட்டு வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டுச் சூடம் காட்டுவான். மூன்று முறை ஹாரன் வேறு. ஊருக்குத் தெரிய வேண்டாமா? இரண்டே நிமிடத்தில் அணைத்துவிடுவான்.*

* இதழ்க்காரர் கேட்ட எளிமை இவ்வளவுதான்: ஸ்டார்ட் செய்வதற்குப் பேட்டரி கொடுத்ததை இரண்டு நிமிட ஓட்டம் திருப்பித் தராது. வாரம் ஒருமுறை அரைமணி நேரமாவது ரோட்டில் ஓட்ட வேண்டும். பயமாக இருந்தால் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி வைக்க வேண்டும். பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். மூளையும் கொஞ்சம் வேண்டும்.

3

இதை இளங்கோவின் மனைவி யமுனா சொல்லாமல் இல்லை.

"ஏனுங்க, அந்த ஒயரக் கழட்டி வெச்சுட்டாத்தான் என்னங்க? மெக்கானிக்கு அன்னிக்கே சொன்னாருல்ல?"

"கழட்டுனா செவப்பு லைட்டு மின்னாது யமுனா."

டாஷ்போர்டில் ராப்பகலாக மின்னிக்கொண்டிருக்கும் திருட்டு அலார விளக்கு அது. ரோட்டில் போகிறவர்கள் அதைப் பார்த்து, கார் உயிரோடு இருக்கிறது என்று நினைக்க வேண்டுமாம். (இங்கே அவனுடைய சிறுவயது வறுமையைச் சொல்லி உங்களிடம் இரக்கம் வாங்கலாமா என்று யோசித்தேன். அவனுக்கு வறுமையே கிடையாது. வெறும் பீத்தல்தான்.)

இன்னொன்று. மலையில் எந்த வண்டியையும் இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். பேட்டரி மக்கர் செய்தால் உருட்டிவிட்டு, கியரில் போட்டுக் கிளப்பிவிடலாம். இளங்கோவின் வாசலோ ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. அதில் காரின் மூஞ்சி வீட்டுச் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தியிருந்தான். சூடம் காட்ட வசதியாம்!

4

போன தை மாதம். பக்கத்துத் தோட்டத்துக் காளியண்ணன் மிளகு பறிக்கும்போது ஏணி சரிந்து, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்திலிருந்து பாறைமேல் விழுந்தார். இடது கால் முட்டிக்குக் கீழே எலும்பு வெளியே... [இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.] ஆம்புலன்ஸ் அப்போதுதான் ஒரு பிரசவக் கேஸை ஏற்றிக்கொண்டு மலை இறங்கியிருந்தது. அவருடைய மகன் வேல்முருகன் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு இளங்கோவின் வாசலுக்கு ஓடிவந்தான்.

"சாவியக் குடுங்க, நானே ஓட்டிக்கறேன்."

சாவியைத் திருப்பினான். டிக், டிக், டிக். சிவப்பு விளக்கும் அணைந்தது. நான்கு பேர் தள்ளினார்கள். பள்ளத்திலிருந்து ஒரு முழம்கூட ஏறவில்லை.

"ஏனுங்க, மலைல வந்து வண்டிய இப்படியாங்க நிறுத்துவாங்க?" என்று கேட்டு வேல்முருகன் அழுதுவிட்டான்.

அன்று வெள்ளிக்கிழமை. இளங்கோவின் கையில்... என்ன இளங்கோ, என் கையில் சூடத்தட்டு இருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து மரவள்ளிக் குச்சிக்கிழங்கு ஏற்றும் டெம்போ ஒன்று வந்தது. யமுனாவும் கூட ஏறிப் போனாள். வண்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே என்று நான் நின்றுவிட்டேன். ஓடாத வண்டியை!

5

முடிவு ஒன்று: கடைசி முயற்சியில் கார் கிளம்புகிறது. [வெட்கங்கெட்ட முடிவு.]

முடிவு இரண்டு: கால் சேர்ந்து, அடுத்த தையில் அவர் மறுபடியும் மரமேறி... [எழுதக் கை வரவில்லை.]

நடந்தது: முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

இன்று காலை காளியண்ணன் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தார். நான் எழுதுவதை எட்டிப் பார்த்தார்.

"என்ன சாமி, என்னையப் பத்தியா?"

"ஆமாங்க."

"ரெண்டு மணி நேரம் முந்திப் போயிருந்தாலும் அந்தக் காலு நிக்காதுன்னு டாக்டரே சொல்லிட்டாருங்க. அதையும் சேத்து எழுதிப் போடுங்க."

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா? டாக்டர் பேசும்போது யமுனா பக்கத்திலேயே இருந்தவள். இப்போது அடுப்படியில் கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். டாக்டர் என்ன சொன்னார் என்று ஒன்பது மாதமாக நான் அவளைக் கேட்கவில்லை. அவர் விழுந்த அன்று சாயங்காலமே ஒயரைக் கழற்றிவிட்டேன், அதுதான் என்னால் முடிந்தது.

கதையின் முடிவு அவளிடம் இருக்கிறது. தைரியம் இருந்தால் நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு எழுபது வளைவுக்கே பயம்.