உமிமேட்டில் பத்தடி

பர்மாவின் அலோன் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற மாரிச்சாமி எதைச் சொன்னாலும் பத்தால் வகுத்துத்தான் கேட்க வேண்டும் என்பது அந்த வட்டாரத்தில் எழுதாத சட்டம். அவர் நூறு மூட்டை என்றால் பத்து மூட்டை. முதலை என்றால் உடும்பு. கிரேனில் தூக்கிக் கப்பலில் இறக்கிய யானை தும்பிக்கையை உயர்த்தித் தனக்குச் சலாம் வைத்தது என்று அவர் சொன்னால், அங்கே ஓர் எருமை இருந்திருக்கும், அது தலையை ஆட்டியிருக்கும். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவள் மனைவி தைலம்மாள். கல்யாணமான மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். மகள் விஜயகுமாரி வாய்ப்பாடு படிப்பதற்கு முன்பே இந்த வகுத்தலைப் படித்துக்கொண்டாள். ரஹ்மத்துல்லாவின் டீக்கடையிலோ, மாரிச்சாமி வாயைத் திறந்ததுமே நாலு பேர் ஆளுக்கொரு விடையோடு தயாராக இருப்பார்கள்.

மாரிச்சாமிக்கு இதில் வருத்தமே கிடையாது. இவர்கள் எப்படியும் வகுக்கத்தானே போகிறார்கள் என்று கூசாமல் பெருக்கினார்.

ஒரே ஒரு கணக்கில்தான் மனிதர் வசமாகச் சிக்கினார்.

விஜயகுமாரி 2004-இல் ஜப்பானின் சப்போரோவுக்கு வேலைக்குப் போனாள். பனிமலை அடிவாரத்து ஹோட்டல் ஒன்றில் சமையலறை வேலை. முதல் குளிர்காலத்தில் ஒரு கடிதம் எழுதினாள். விடுமுறை நாளில் அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், வாடகைக்கு ஒரு பலகை எடுத்து, இரண்டு காலையும் அதில் பூட்டிக்கொண்டு, பனிச்சரிவில் சறுக்கக் கற்றுக்கொள்ளப் போனாளாம். சொல்லித்தர ஆள் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் சர்சர்ரென்று இறங்கிப்போக, இவள் நாற்பத்து மூன்று தடவை விழுந்தாளாம். எண்ணியிருக்கிறாள். மத்தியானம் அந்தப் பனியிலேயே உட்கார்ந்து சோற்றுருண்டை தின்றாளாம். பொழுது சாயும் நேரத்தில் விழாமல் பத்தடி போய்விட்டாளாம். ‘பத்தடிதாம்பா. ஆனா யாரும் பாக்கல’ என்று கடிதம் முடிந்திருந்தது.

மாரிச்சாமி அதை டீக்கடையில் உரக்கப் படித்தார். நாற்பத்து மூன்றை நானூற்று முப்பது ஆக்கினார். ஐந்து வயதுப் பிள்ளைகளைத் தொட்டில் குழந்தைகளாக்கி, வாயில் பால்புட்டியோடு சறுக்கவிட்டார். கடையே குலுங்கிற்று. ரஹ்மத்துல்லா சிரித்த சிரிப்பில் வடிகட்டி நழுவிக் கொதிக்கும் பாலில் விழுந்தது. பிறகு மாரிச்சாமி உட்கார்ந்து மகளுக்குப் பதில் எழுதினார். 1962-இல், வாலிப வயதில், ஆற்றங்கரை அரிசி ஆலையின் உமிமேட்டு உச்சியிலிருந்து தானும் ஒரு பலகையில் சறுக்கி, ரோட்டைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, அக்கரை டலா ஊரில் போய் இறங்கியதாகவும், அந்த ரத்தம்தான் அவளுக்குள்ளும் ஓடுகிறது என்றும் நாலு பக்கம்.

விழுந்தது வலித்ததா என்று ஒரு வரி கேட்கவில்லை. அது அப்போது அவருக்குத் தோன்றவே இல்லை.

ஆறு வருடம் ஓடிப்போயிற்று. அவளால் ஒருமுறைகூட ஊருக்கு வர முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை ஒன்பது மணிக்கு டீக்கடைப் போனில் கூப்பிடுவாள், அவ்வளவுதான். இவருக்குப் பாஸ்போர்ட் எடுக்கவே எட்டு மாதம் ஆயிற்று. கடைசியில் டிக்கெட் வந்தது: 2010 மார்ச் இருபதாம் தேதி, சனிக்கிழமை விமானம். குளிர் ஆகாதென்று தைலம்மாள் வரவில்லை. விஜயகுமாரி பத்து நாள் விடுப்பு எடுத்திருந்தாள். மாத முடிவில் சறுக்குமேட்டை மூடிவிடுவார்களாம், அதற்குள் ரெண்டு பேரும் சேர்ந்து சறுக்கிவிடலாம், உங்களுக்குத்தான் பழக்கமாச்சே என்றாள்.

போனை வைத்த மாரிச்சாமி டீக்குக் காசு கொடுக்காமலே வெளியே நடந்தார். சறுக்குவதாவது. உமிமேட்டின் பக்கம் அவர் ஒதுங்கியதுகூடக் கிடையாது. உமி பட்டால் அவருக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும்.

பொய்யம்மா என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். அந்த மாதிரிச் சின்னச் சொல் எதுவும் அவர் வாயில் பழகியிருக்கவில்லை. ஆகவே அதைவிடச் சுலபமான வழியைப் பிடித்தார். அறுபத்தெட்டாவது வயதில் சறுக்கக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தார்.

உடைந்த சம்பான் படகிலிருந்து ஒரு பலகை பெயர்த்தார். அடியில் மெழுகுவத்தி தேய்த்தார். டயர் டியூபை வெட்டிக் காலுக்கு வார் போட்டார். ஆலையாட்கள் சாப்பிடப் போகும் நடுமத்தியானத்தில், யார் கண்ணிலும் படாமல், உமிமேட்டில் ஏறினார். இமயமலைக்கு இரண்டு முழம் குறைவான மேடு அது. மேலே நின்று அம்மனைக் கும்பிட்டார். லோஞ்சியை மடித்துக் கட்டினார். அடுத்து அவருக்குத் தெரிந்தது கீழே தலை, மேலே கால், வாய் நிறைய உமி. அவர் விழுந்த சத்தத்தில் டலாவில் நாய்கள் குரைத்தன.

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். ஆலைக் காவல்காரர் ஒருநாள் பார்த்துவிட்டு, ஊலே, என்ன தேடுகிறீர்கள் என்று பர்மியத்தில் கேட்டார். மாமா முறையில் அவ்வளவு மரியாதையாகக் கேட்ட மனிதரிடம் உண்மையைச் சொல்ல மனம் வராமல், மோதிரம் விழுந்துவிட்டது என்றார். பாவம், அவரும் கூட உட்கார்ந்து அரைமணி நேரம் உமியைச் சலித்தார். வீட்டில் தைலம்மாள் அவர் காதிலிருந்து உமி எடுத்துக்கொண்டே, எங்கே போய்ப் புரண்டீர்கள் என்று கேட்டாள். ஆலைக்கு ஆலோசகராகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார். அவள் அதை வகுத்துப் பார்த்து, விடை வராமல் விட்டுவிட்டாள்.

மார்ச் பிறந்தபோது நாற்பத்து மூன்று தடவை விழுந்திருந்தார். எப்போது எண்ண ஆரம்பித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. நாற்பத்து நான்காவது முறை விழுந்ததும் எழுந்திருக்கவில்லை. இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. பொட்டலத்தைப் பிரித்து, அங்கேயே உமியில் உட்கார்ந்து ஆறிப்போன சோற்றைத் தின்றார். சுற்றிலும் ஒரு ஈ காக்காய் இல்லை. தட்டிவிட ஒரு கை இல்லை. ‘ஆனா யாரும் பாக்கல.’ ஆறு வருடத்துக்கு முன்னால் படித்த வரி அப்போதுதான் அவருக்குக் கேட்டது. அவள் வேடிக்கை எழுதவில்லை. அப்பா, நீங்க பாருங்க என்று எழுதியிருக்கிறாள். அவர் அதைக் கடையில் வைத்துச் சிரிப்புக் காட்டியிருக்கிறார். மீதிச் சோற்றை மடித்துக் கட்டினார்.

அதற்குப் பிறகாவது மனிதர் நேராகப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இந்தக் கடிதத்தையும், அந்தப் பொய்யையும் தூக்கிக்கொண்டு மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம்தான் வந்தது. பங்குனித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. பதினாறாம் தேதி செவ்வாய்க்கிழமை, விமானத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, கோயிலுக்குப் போய்த் தீமிதிக்கென்று மஞ்சள் காப்பைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். காப்புக் கட்டினவன் திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. சப்போரோ என்ன, மிங்கலாடோன் விமான நிலையத்துக்கே போக முடியாது. ஒருவரும் ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது. பக்தி என்று மெச்சத்தான் செய்வார்கள். மெச்சினார்கள்.

தைலம்மாள் மட்டும் மெச்சவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு அவர் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அம்மனுக்குக் கட்டுனதா, மகளுக்குப் பயந்து கட்டுனதா?"

மாரிச்சாமி குழம்பு நன்றாக இருக்கிறது என்றார்.

வியாழக்கிழமை விஜயகுமாரி கூப்பிட்டாள். விமான நிலையத்தில் சிவப்புக் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு நிற்பேன், ஆறு வருடத்தில் முகம் மறந்திருந்தால் குல்லாவைப் பார்த்து வாருங்கள் என்றாள். மாரிச்சாமி காப்பு விவரத்தைச் சொன்னார். கனவில் அம்மன் வந்ததாகச் சேர்த்தார். கூட ஏழு கன்னியரும் வந்ததாகச் சேர்க்கப் போனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சரிப்பா. சாமி காரியம், யாரு என்ன சொல்ல முடியும்" என்றாள். பிறகு, "ஒண்ணு சொல்லட்டா? நீங்க சறுக்குனதே இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். பத்தால வகுத்தாலும் பாதி ஆத்துலல்ல விழணும்."

"பின்ன ஏம்மா வரச் சொன்ன?"

"இங்க சின்னப் புள்ளைங்களுக்குன்னு ஒரு மேடு இருக்குப்பா. அதத்தான் பதிஞ்சு வச்சிருந்தேன், ரெண்டு நாளைக்கு. எனக்குத்தான் கையப் புடிக்க ஆளில்லாமப் போச்சு. உங்களுக்கு நான் புடிக்கலாமேன்னு நெனச்சேன்."

போனை வைத்தபின் மாரிச்சாமி மேசை மேல் கிடந்த கத்திரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தார். ரஹ்மத்துல்லா பிஸ்கட் பொட்டலம் வெட்டும் கத்திரிக்கோல். ஒரு வெட்டு, மஞ்சள் நூல் போய்விடும், சனிக்கிழமை விமானமும் கிடைத்துவிடும். ஆனால் ஊர் முழுக்கப் புளுகின வாய் அம்மனிடம் மட்டும் ஒருநாளும் புளுகியதில்லை. அவளிடம் வகுத்தல் கிடையாது; சொன்னது சொன்னதுதான். தன் சுருக்கைத் தானே போட்டு, தானே இறுக்கிக்கொண்டதுபோல் இருந்தது. சனிக்கிழமை காலை ஆற்றங்கரையில் நின்று, வடக்கே எழும்பிய விமானம் ஒன்று மேகத்துக்குள் போகும்வரை பார்த்தார். அது சப்போரோவுக்குப் போவதா, பர்மாவுக்குள்ளேயே சேட்டுவுக்குப் போவதா என்றுகூடத் தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை தீ மிதித்தார். ஒன்பது எட்டில் கடந்தார். டீக்கடையில் எத்தனை எட்டு என்று கேட்டார்கள். ஒன்பது என்றார். தொண்ணூறு வரும் என்று காத்திருந்த ரஹ்மத்துல்லா கவலையாகி, அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சலாண்ணே?"

சனிக்கிழமை காப்பு அவிழ்த்தார்கள். மத்தியானம், யாரும் கேட்காமலே, பலகையைத் தூக்கிக்கொண்டு உமிமேட்டுக்குப் போனார். செங்கல் சூளை லாரிகள் வந்து பாதி மேட்டை அள்ளிப்போயிருந்தன. கொப்புளம் கண்டிருந்த காலைப் பலகையில் பூட்டினார். இனி யாருக்காகவும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, முழங்கால் தானாக மடங்கிற்று. பலகை கிளம்பிற்று. விழவில்லை. இன்னும் விழவில்லை. கீழே வந்து தானாக நின்றது. நின்ற இடத்திலிருந்து அடிமேல் அடி வைத்து அளந்தார். பத்து. நிஜமான பத்து. சுற்றிப் பார்த்தார். காவல்காரர் சாப்பிடப் போயிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குப் போன் வந்தது. காப்பு அவிழ்த்தாகிவிட்டது, இப்போது வந்தால் ஆகுமா என்று மாரிச்சாமி கேட்டார். ரெண்டு நாளாக மழை, பனியெல்லாம் கரைந்துபோய் மேட்டை நேற்றே மூடிவிட்டார்கள் என்றாள். விடுப்பு நாளையோடு முடிகிறதாம். அடுத்த விடுப்பைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவராலும் கேட்க முடியவில்லை.

"குமாரி, நேத்து ஆலை மேட்டுல பலகையில ஏறி நின்னேன்மா. நெசமா. விழாம பத்தடி போனேன்."

அவள் வகுத்துக்கொண்டிருக்கிறாள் என்று மாரிச்சாமிக்குத் தெரிந்தது.

"ஒரு அடியாப்பா?" என்றாள், இதமாக. "பரவால்லப்பா. மொதத் தடவைக்கு அதுவே பெருசு."

மாரிச்சாமி ரிசீவரை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டார்.

"ஆமாம்மா. ஒரு அடி. நீ விழுந்தப்ப ரொம்ப வலிச்சிருக்குமேம்மா."

"அதெல்லாம் எப்பவோ மறந்துபோச்சுப்பா" என்றாள். அவளுடைய போன் அட்டையில் காசு தீர்ந்து இணைப்பு அறுந்துவிட்டது.

ரஹ்மத்துல்லா ரிசீவரை வாங்கி வைத்துவிட்டு, மகள் என்ன சொல்கிறாள் என்று விசாரித்தார். அங்கே மழை பெய்கிறதாம் என்றார் மாரிச்சாமி. ரஹ்மத்துல்லா ஒரு நிமிடம் யோசித்தார்.

"தூறலாண்ணே?"