ஒன்பதாம் நம்பர் கேட்ட கேள்வி

ஸ்கெல்பி ஊரில் ஒன்பதாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறவள் கிளெனிஸ் ஆர்மராய்ட். ஐம்பத்தாறு வயது. பத்தொன்பது வருடமாக அதே தடம்தான்: ரயிலடி, மார்க்கெட், ஆஸ்பத்திரி, கால்பந்து மைதானம், மறுபடி ரயிலடி. ஸ்கெல்பி டவுன் கிளப்பின் ரசிகர்கள் இணையத்தில் கூடிச் சண்டை போடுகிற 'கிழக்குக் கொட்டகை' தளத்தில் அவளுக்கு 'ஒன்பதாம் நம்பர்' என்று பெயர். பஸ் நம்பரைத்தான் அவள் வைத்தாள். மற்றவர்களோ அதைக் கோல் அடிக்கிற ஆட்டக்காரனின் சட்டை எண் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு காலத்தில் எங்கோ ஆடி ஓய்ந்த பெரிய உடம்புக்காரர் என்று அவர்களாகவே கற்பனை செய்துகொண்டு 'அண்ணே' என்று கூப்பிட்டார்கள். அவள் திருத்தவில்லை. பெண் என்று தெரிந்தால் ஆஃப்சைடு என்றால் என்னவென்று விளக்க வந்துவிடுவார்கள் என்பது அவள் எண்ணம்.

உண்மை தெரிந்தவன் ஒருவன்தான். பஸ் டிப்போவுக்கு எதிரே மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்கிற கெவ் டக்ஸ்பரி. தளத்தை நடத்துகிறவனும் அவனே.

ஜனவரி மூன்றாவது வாரம். நாலாவது டிவிஷனில் இருபத்து நாலு அணிகள். ஸ்கெல்பி இருபத்திரண்டாவது இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சீசன் முடிவில் கடைசி இரண்டு இடத்துக்காரர்கள் அடுத்த டிவிஷனுக்குக் கீழே இறங்கவேண்டும். அந்த நேரத்தில்தான் பின்வரிசையைக் காக்கிற கேப்டன் ஈவான் ட்ரெஹார்னை விற்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அதுவும் யாருக்கு? இருபத்தோராவது இடத்தில் இருக்கிற மார்ல்ஸ்ஃபோர்டுக்கு. கேப்டனுக்குப் பதிலாக பெல்ஜியத்திலிருந்து யோரன் என்று ஒரு ஓரத்து ஆட்டக்காரன் வருகிறானாம்.

கொட்டகை பற்றி எரிந்தது.

'நம்ம கழுத்தை அறுக்க நாமளே கத்தியைத் தீட்டிக் குடுக்குறோம்' என்று ஒருவன் எழுதினான்.

'கார்ப்பெட் கடைக்காரனுக்கு வேற என்ன தெரியும்? எதிராளி கால் வலிக்காம நடக்க நம்மளை விரிச்சுப் போடத்தான் தெரியும்' என்றான் இன்னொருவன். கிளப்பின் தலைவர் கிளைவ் ருடர்ஹாமுக்குக் கார்ப்பெட் வியாபாரம்.

கிளெனிஸ் டிப்போ ஓய்வறையில் தேநீரை ஆறவிட்டுவிட்டு எழுதினாள். 'இந்த சீசன்ல ட்ரெஹார்ன் ஆடின பதினெட்டு மேட்ச்ல எதிராளி கார்னர்ல நாம வாங்கின கோல் ரெண்டு. அவர் இல்லாத எட்டு மேட்ச்ல ஏழு. இந்த யோரன் ஆடின வீடியோ முழுக்கப் பார்த்தேன். காத்து பலமா அடிச்சா விழுந்துருவான் போல. இவனுக்காக அவரை அனுப்பினா மே மாசம் நாம கீழதான்.'

பத்து நிமிடத்தில் 'நிதானம்' என்ற பெயரில் எழுதுகிறவன் பதில் போட்டான். தலைவரை யார் திட்டினாலும் குறுக்கே வந்து விழுகிறவன் இந்த நிதானம். 'ஒன்பதாம் நம்பர் பேசுறது பழைய கதை. ட்ரெஹார்னுக்கு இடது முழங்கால் தேஞ்சு போச்சு. வியாழக்கிழமை ஸ்கேன்லயே தெரிஞ்சிருச்சு. தலைவர் ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டு விக்கல.'

அதைப் படித்த ஐம்பது பேர் சுருதி இறங்கினார்கள். முழங்கால் போய்விட்டதென்றால் என்ன செய்வது, பாவம், நல்ல மனுஷன், போகட்டும் என்று பேச்சு திரும்பியது.

கிளெனிஸ் மட்டும் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். வியாழக்கிழமை.

அந்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் அவள் பஸ்ஸில் ஏறினவர் ட்ரெஹார்ன். ஸ்கேன் எடுத்து முழங்காலில் ஊசி போட்டிருக்கிறார்கள், ஒரு வாரம் கார் ஓட்டக்கூடாது என்றார். பஸ்ஸில் வேறு ஆளில்லை. டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டே அவரே பேச்சுக் கொடுத்தார்.

"கால் நல்லாத்தான் இருக்காம். வயசுக்குத் தக்க தேய்மானம், பத்து நாள்ல ஆடலாம்னுட்டார் டாக்டர். ரிப்போர்ட்டை நேரா தலைவர் கைக்குத்தான் அனுப்புவாங்க. வீட்ல கூட சொல்லல, பயந்துக்குவா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அப்படியானால் இந்த நிதானத்துக்கு யார் சொன்னது?

எழுதிவிடலாம் என்று விரல் துடித்தது. ஆனால் கால் அவருடையது. அதைப் பற்றிய பேச்சும் அவருடையது. செவ்வாய்க்கிழமை அவர் மறுபடி ஏறும்வரை வாயை மூடிக்கொண்டு பஸ்ஸை ஓட்டினாள். ஏறியதும் ஃபோனில் அந்தப் பதிவைக் காட்டினாள்.

ட்ரெஹார்ன் படித்தார். வேல்ஸ்காரரின் சிவந்த முகம் இன்னும் சிவந்தது.

"தேஞ்சு போச்சா? யார் இந்தாளு?"

"அதைத்தான் கேக்கலாம்னு இருக்கேன். உங்க காலைப் பத்திப் பேச்சு வரும். வேண்டாம்னா விட்டுர்றேன்."

அவர் ஃபோனை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "பதினோரு வருஷம் இந்த ஊர்ல ஆடியிருக்கேன். என் பிள்ளைங்க பேசுறது இந்த ஊர்ப் பேச்சுதான். போன்னு சொன்னா போயிருவேன். பொய் சொல்லி அனுப்பக் கூடாது. கேளுங்க. எனக்கும் பதில் வேணும்."

அன்று மத்தியானம் ஒன்பதாம் நம்பர் ஒரே ஒரு கேள்வி போட்டாள். 'நிதானம் அவர்களே, அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்தது ஆஸ்பத்திரி டாக்டர், கிளப் தலைவர், ரெண்டே பேரு. நீங்க அதுல யாரு?'

நிதானம் பதில் சொல்லவில்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். இரண்டு வருடமாக எந்தப் பேச்சையும் விட்டுவைக்காதவன் வாயே திறக்கவில்லை. முதலில் புரிந்தது ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு. 'ஐயய்யோ, இது டாக்டர் இல்லடா!' என்று எழுதினார். சாயங்காலத்துக்குள் எழுநூறு பதிவுகள். பொரிக்கிற சட்டியைக் கவனிக்காமல் கெவ் ஒரு தட்டு மீனைக் கருக்கினான்.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு, மைதானத்து மாடிக் கூடத்தில், மாதம் ஒருமுறை நடக்கிற ரசிகர் கூட்டம். வழக்கமாக முப்பது பேர் வந்தால் பெரிது. அன்று மாடிப்படி வரைக்கும் ஆள். தலைவர் ருடர்ஹாம் மேடையில் தனியாக உட்கார்ந்திருந்தார்; கழுத்துப்பட்டை கோணியிருந்தது.

"ஒன்பதாம் நம்பர் அண்ணன் வந்திருக்காரா?" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் அகலமான தோள்களைத் தேடித் திரும்பினார்கள்.

வேலை முடிந்து நேரே வந்தவள் கிளெனிஸ். பஸ் கம்பெனி கோட்டோடு எழுந்து நின்றாள்.

"நான்தான்," என்றாள்.

"எங்க பஸ்ஸு கிளெனிஸா?" என்று பின்வரிசையில் ஒரு கிழவர் வாய்விட்டுக் கேட்க, கூடம் சிரித்து ஓய்ந்தது. கிளெனிஸ் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ்டர் ருடர்ஹாம், தளத்துல கேட்டதையே இங்கயும் கேக்குறேன். நிதானம் யாரு?"

மறுப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் எழுந்தார். தண்ணீர் குடித்தார்.

"நான்தான்." கூச்சல் கிளம்பியது. கையைத் தூக்கி அடக்கினார். "சொல்லி முடிச்சிர்றேன். தினமும் காலையில நீங்க எழுதுறதைப் படிச்சுட்டுத்தான் கடையைத் திறக்குறேன். கோமாளி, கார்ப்பெட்டு, கஞ்சன். என் பொண்டாட்டி படிச்சுட்டு அழுதா. எனக்காகப் பேச இந்த ஊர்ல ஒருத்தன்கூட இல்ல. அதனால நானே ஒருத்தனை உண்டாக்கிக்கிட்டேன்."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

"உங்க வருத்தம் நியாயம்தான் சார்," என்றாள் கிளெனிஸ். "அந்தக் கார்ப்பெட் கேலியில ரெண்டு என்னோடது. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்குறேன். ஆனா அவர் கால் தேஞ்சு போச்சுன்னு எழுதினீங்களே, அது பொய்யி. உண்மையாவே இருந்தாலும் அதை ஊருக்குச் சொல்ற உரிமை அவருக்குத்தான் இருக்கு, உங்களுக்கு இல்ல."

"முப்பத்தி நாலு வயசும்மா அவருக்கு! இன்னைக்கு இல்லேன்னா நாளைக்குத் தேயத்தான் போகுது."

"தேயட்டும். நம்ம சட்டையைப் போட்டுக்கிட்டுத் தேயட்டும்!"

கூரை பறந்துவிடும் போல ஆர்ப்பரித்தது கூட்டம். தரையைக் காலால் உதைத்தார்கள். ருடர்ஹாம் சத்தம் அடங்கும்வரை நின்றார்.

"சரி. அவரை வெச்சுக்கிறேன். நாளைக்கு நாம கீழ போனா? என்னைத்தான் திட்டுவீங்க. அந்தப் பழியை யார் ஏத்துக்குவா? நீ ஏத்துக்குவியா?"

"ஏத்துக்குறேன். ஆனா எங்கள்ல ஒருத்தர் உங்க நிர்வாகக் குழுவுல உக்காரணும். ஆட்டக்காரரை வாங்குறது விக்குறது எதுவானாலும் அவர் காதுல விழணும். நீங்களும் எழுதுங்க சார், தாராளமா எழுதுங்க. சொந்தப் பேர்ல எழுதுங்க. சொந்தப் பேர்லயே சண்டை போடுவோம்."

கைதூக்கச் சொன்னபோது கீழே இருந்த கை ஒன்றுகூட இல்லை. குழுவில் உட்கார கிளெனிஸையே தேர்ந்தெடுத்தார்கள். மறுநாள் மார்ல்ஸ்ஃபோர்டுக்கு 'இல்லை' என்று பதில் போனது. யோரனையும் தலைவர் விடவில்லை. சீசன் முடியும்வரை மட்டும் ஆட, அவன் கிளப்பிடமிருந்து கடனாக வாங்கிக்கொண்டு வந்தார்.

அதோடு எல்லாம் நன்றாகிவிடவில்லை. பிப்ரவரியில் வரிசையாக மூன்று தோல்வி. ஒன்றில் ட்ரெஹார்ன் வழுக்கி விழுந்து எதிராளிக்கு ஒரு கோல் விட்டுக் கொடுத்தார். யோரன் பந்தைவிட அதிகம் புல்லைத்தான் உதைத்தான். நேற்றுவரை 'அண்ணே' என்றவர்கள் 'டிக்கெட்டு கிழிக்கிறவங்க டீம் நடத்தினா இப்படித்தான்' என்று எழுதினார்கள். மார்க்கெட் நிறுத்தத்தில் ஒருவன் ஏறி, "பஸ்ஸாவது கீழ இறங்காமப் போகுமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான். அவள் கியரை மாற்றினாள். அந்தச் சமயத்தில்தான் தளத்தில் ஒரு பதிவு வந்தது: 'முடிவு குழுவோடது. தனி ஆளைத் திட்டாதீங்க. திட்டணும்னா என்னைத் திட்டுங்க. கிளைவ் ருடர்ஹாம்.'

மார்ச்சில் இரண்டு வெற்றி, ஏப்ரலில் நாலு டிரா. மே மாதம் முதல் சனிக்கிழமை, கடைசி ஆட்டத்துக்கு முன்னால் ஸ்கெல்பி இருபத்து மூன்றாவது இடம். ஜெயித்தால் தப்பலாம். எதிராளி மார்ல்ஸ்ஃபோர்டு, அவர்கள் மைதானத்தில். அவர்களுக்கு டிரா போதும்.

ரசிகர்கள் பன்னிரண்டு பஸ் ஏற்பாடு செய்தார்கள். முதல் பஸ்ஸை கிளெனிஸ் ஓட்டினாள். தலைவர்களுக்கான மெத்தை இருக்கை அவளுக்கும் உண்டு என்று சொன்னதற்கு, "அங்க கத்த முடியாதே" என்றுவிட்டு வெளியூர் ரசிகர்களுக்கான படிக்கட்டில் நின்றாள். அரைமணி கழித்துப் பக்கத்தில் யாரோ இடித்துக்கொண்டு நின்றார்கள். பார்த்தால் ருடர்ஹாம்.

"அங்க எனக்கும் கத்த முடியல," என்றார்.

மார்ல்ஸ்ஃபோர்டு எண்பது நிமிடம் இடித்துத் தள்ளியது. கார்னர் பதினொன்று. பதினொன்றிலும் முதலில் எழும்பிய தலை ட்ரெஹார்னுடையது. புருவம் கிழிந்து கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி வந்து நின்றார். எண்பத்து நாலாவது நிமிடத்தில் யோரன் வலது ஓரத்தில் பந்தை வாங்கினான். ஒருவன் இடித்தான், விழவில்லை. இரண்டாமவன் சட்டையைப் பிடித்து இழுத்தான், அப்போதும் விழவில்லை. கோடு வரைக்கும் ஓடி, திரும்பி, உயரத் தூக்கிப் போட்டான். அத்தனை தூரம் முன்னால் வர யாரிடமும் அனுமதி கேட்காமல் ஓடி வந்திருந்தார் முப்பத்து நாலு வயதுக் கேப்டன். கட்டுப்போட்ட நெற்றியாலேயே முட்டினார். வலை உப்பியது.

அதற்குப் பிறகு நடந்தது கிளெனிஸுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. யாரோ அவளைத் தூக்கினார்கள். ருடர்ஹாம் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக் குழந்தை மாதிரி அழுதார். ஒன்றுக்குப் பூஜ்யத்தில் ஸ்கெல்பி தப்பி, கடைசி விசில் ஊதியதும் ட்ரெஹார்ன் நேராக அவர்கள் பக்கம் நடந்து வந்து, இடது முழங்காலைத் தட்டிக் காட்டினார். அறுநூறு பேர் அந்த முழங்காலுக்கு வணக்கம் போட்டார்கள்.

திரும்பும்போது எல்லோர் கையிலும் பீர். அவள் கையில் ஸ்டீயரிங். முன்சீட்டில் உட்கார்ந்து கெவ் தளத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தான்.

"கேளு, தலைவர் போட்டிருக்கார். 'கேப்டனுக்கு இன்னும் ஒரு வருஷம் ஒப்பந்தம். அவரைப் பத்தி நான் நினைச்சது தப்பு. கிளைவ் ருடர்ஹாம்.' கீழ ஒருத்தன், 'தலைவா, என் ஹாலுக்கு நம்ம டீம் நீலக் கலர்ல கார்ப்பெட்டு, அளவு அனுப்பட்டுமா'ங்குறான்."

"என் பேர்லயும் ஒண்ணு போடு," என்றாள் கிளெனிஸ், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்னன்னு?"

"யோரனைப் பத்தி நான் சொன்னதும் தப்பு. அந்தாளை முழுசா வாங்கணும். குழுவுல திங்கக்கிழமை நானே பேசுறேன்."

கெவ் தட்டினான். "பேரு என்ன போட, ஒன்பதாம் நம்பரா?"

"கிளெனிஸ் ஆர்மராய்ட்னு போடு. முழுசா."

ஊர் எல்லையிலேயே ஆட்கள் நின்றார்கள். மே மாதத்து வெயில் இன்னும் மிச்சமிருந்தது. தேவாலயத்து மணி அடிக்கிற சத்தம், சமையல்கட்டுப் பாத்திரங்களைத் தட்டுகிற சத்தம், வீட்டுவாசல்களில் நீலத்துணி. பின்னால் பாட்டு உச்சத்துக்குப் போனது. கிளெனிஸ் வேகத்தைக் குறைத்து, முதல் கியரில், மார்க்கெட் தெரு முழுக்க ஹாரனிலிருந்து கையை எடுக்காமலே பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போனாள்.